ஹெட் போய்விட்டதா, இங்க் போய்ச் சேரவில்லையா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் போட்டோ அச்சிட வாங்கிய ஆறு வண்ண இங்க் டேங்க் பிரிண்டர். சில மாதங்கள் தொடாமல் கிடந்திருக்கிறது. இப்போது முகங்கள் பச்சையடிக்கின்றன, படத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. ஹெட்டுக்கு (தாளில் இங்க்கைப் பீய்ச்சும் பகுதி) கிளீனிங் ஓட்டிப் பார்த்தால் ஒருமுறை சரியாகிறது, அடுத்த முறை முன்பைவிட மோசமாகிறது. சர்வீஸில் "ஹெட் போயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்குக் கேட்கும் பணத்தில் இன்னும் கொஞ்சம் போட்டால் புது பிரிண்டரே வந்துவிடும். உண்மையிலேயே ஹெட்தானா?

"ஒருமுறை சரியாகிறது, அடுத்த முறை மோசமாகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்தே சொல்கிறேன்: அநேகமாக ஹெட் இல்லை. கரண்ட் வழியில் செத்துப்போன நாசில், அதாவது ஹெட்டில் இங்க்கைப் பீய்ச்சும் நுண்துளை, கிளீனிங் செய்ததும் எழுந்து வராது. வந்து வந்து போகிறதென்றால் நாசில் வேலை செய்கிறது, அதற்கு இங்க் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதை உறுதிப்படுத்தப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொஞ்சம் வெள்ளைத்தாள், ஒரு டிஷ்யூ, ஒரு சிரிஞ்ச், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், ஒரு செல்போன் போதும்.

முதலில் ஒரு வேண்டுகோள்: இனி காரணம் தெரியாமல் ஹெட் கிளீனிங் பட்டனைத் தொடாதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் ஆறு டேங்க்கிலிருந்தும் இங்க் உறிஞ்சப்பட்டு, அடியிலிருக்கும் வேஸ்ட் பேடுக்கு, அதாவது கழிவு இங்க்கை உறிஞ்சும் பஞ்சுக்குப் போகிறது. பிரிண்டர் அதைக் கணக்கு வைத்துக்கொண்டே வரும். கணக்கு எல்லையைத் தொட்டால் "இங்க் பேடின் ஆயுள் முடிந்தது" என்று சொல்லி மொத்தமாக நின்றுவிடும். அடைப்பை எடுக்கப் போய் இன்னொரு செலவை இழுத்துக்கொண்டவர்கள் நிறைய.

இப்போது நாசில் செக்கை இரண்டு முறை அடுத்தடுத்து அச்சிடுங்கள், நடுவில் கிளீனிங் இல்லாமல். கம்ப்யூட்டரிலுள்ள பிரிண்டர் டிரைவரின் பராமரிப்புப் பக்கத்திலேயே அது இருக்கும். எப்சன் எல்805 மாதிரியான ஆறு வண்ண பிரிண்டரில் ஒரு நிறத்துக்கு 90 நாசில், மொத்தம் 540. ஒவ்வொரு நாசிலும் தன் பங்குக்கு ஒரு சின்னக் கோடு போடும், அவை படிக்கட்டு மாதிரி அடுக்காக வரும். எங்கே கோடு இல்லையோ அங்கே ஒரு நாசில் பீய்ச்சவில்லை. பெரும்பாலானவர்கள் ஒரே ஒரு தாளை அடித்துப் பார்த்து, "அட, ஓட்டை இருக்கு" என்று உடனே கிளீனிங்குக்குப் போய்விடுகிறார்கள். விஷயமே இரண்டாவது தாளில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். விடுபட்ட கோடுகள் இரண்டிலும் அதே இடத்தில் இருக்கின்றனவா, இடம் மாறியிருக்கின்றனவா?

அதே இடமென்றால் உலர்ந்த இங்க் அடைப்பு, அல்லது செத்த நாசில். இடம் மாறினால் காற்று, அல்லது இங்க் பற்றாக்குறை. கோடு இருக்கிறது, ஆனால் சாய்ந்தோ பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொண்டோ வருகிறதென்றால் அந்த நாசிலின் வாயில் ஏதோ ஒட்டியிருக்கிறது. பேப்பர் தூசியாக இருக்கலாம், பாதி உலர்ந்த இங்க்காக இருக்கலாம். அதற்கு மிதமான சுத்தம் போதும்.

வெளிர் நிறங்களைப் பார்ப்பதில்தான் கண் ஏமாறும். வெள்ளைத்தாளில் மஞ்சள் கோடு சரியாகத் தெரியாது, லைட் சியானும் (வெளிர் நீலம்) லைட் மெஜந்தாவும் (வெளிர் ரோஸ்) அப்படித்தான். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. செல்போனில் முழுக்க நீலமாக ஒரு படத்தைத் திறந்து, பிரகாசத்தை முழுதாக வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் தாளைப் பாருங்கள். மஞ்சள் கோடுகள் கறுப்பாக எழுந்து நிற்கும், எந்தப் படி விடுபட்டிருக்கிறதென்று எண்ணிவிடலாம். மெஜந்தா வகைக்குப் பச்சைத் திரை, சியான் வகைக்குச் சிவப்புத் திரை. உங்கள் முகங்கள் பச்சையடிப்பதால் லைட் மெஜந்தா வரிசையைப் பச்சை வெளிச்சத்தில் கட்டாயம் பாருங்கள். தோல் நிறத்தின் மென்மையான பகுதிகளைக் கட்டுவதே அந்த இங்க்தான். அது குறைந்தால் எல்லார் முகமும் மஞ்சள்காமாலை வந்தவர் மாதிரி ஆகிவிடும்.

ஒருவேளை நாசில் செக் ஆறு நிறத்திலும் முழுசாக இருந்து, படம் மட்டும் கெட்டிருந்தால் ஹெட் அடைப்பைப் பற்றிய பேச்சையே விட்டுவிடலாம். பேப்பர் வகையை மாற்றித் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், அல்லது வேறு கம்பெனி இங்க் ஊற்றியிருப்பீர்கள், நிறம் அதனால் மாறும். ஹெட் ஓடும் திசையில் சம இடைவெளியில் கோடு வந்தால் பேப்பர் நகரும் அளவு பிசகியிருக்கும். நேர்க்குத்தாக நிற்கும் கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தால் ஹெட் அலைன்மென்ட், அதாவது துளிகள் நேராக விழும்படி செய்யும் சீரமைப்பு, பிசகியிருக்கிறது. ஹெட் ஓடும் பாதைக்குப் பின்னால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை கட்டியிருக்கும், என்கோடர் ஸ்ட்ரிப். அதில் இங்க் தெறித்தோ கிரீஸ் பட்டோ இருந்தால் ஹெட்டுக்குத் தான் எங்கே இருக்கிறோமென்று தெரியாமல் போகும், ஒரே இடத்தில் பட்டையடிக்கும், சில சமயம் ஓரத்தில் போய் டமாரென்று முட்டும். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் தீர்ந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இடம் மாறி மாறிக் கோடு விடுபடுகிறதென்று வைத்துக்கொள்கிறேன். அடுத்த கேள்வி, இங்க் டேங்க்கிலிருந்து ஹெட்டுக்கு வரும் வழியில் நிற்கிறதா, அல்லது ஹெட்டை மூடி உறிஞ்சும் பகுதியில் கோளாறா என்பது.

வழியில் தடையா என்பதற்கு இப்படிச் செய்யுங்கள். ஒரு நாசில் செக். உடனே உயர் தரத்தில், நிறம் நிறைந்த ஒரு ஏ4 படம். அது முடிந்த கையோடு இன்னொரு நாசில் செக். முதல் தாள் ஓரளவு நன்றாக இருந்து, படத்துக்குப் பிறகான தாளில் ஒரு நிறம் பெருமளவு காணாமல் போயிருந்தால் அந்த நிறத்துக்கு இங்க் போதவில்லை. பிரிண்டரை ஒரு மணி நேரம் சும்மா விட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். எதுவும் செய்யாமலே கோடுகள் திரும்பி வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், இங்க் மெதுவாக ஊறி வந்து சேர்ந்திருக்கிறது.

இதற்கான காரணங்களில் பாதி சிரிப்பு வரவழைக்கும். எல்800, எல்805, எல்1800 வகையில் டேங்க்கின் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும், எடுத்துச் செல்லும்போது இங்க் கசியாமல் இருக்க அடைப்பதற்காக. வீடு மாறும்போதோ மேசையைத் துடைக்கும்போதோ அது பாதி திரும்பி நின்றுவிடும். பிரிண்டர் ஒரு வார்த்தை சொல்லாது. வெளியில் தனியாக இங்க் டேங்க் மாட்டிய பழைய பிரிண்டர்களில் காற்றுத்துளையின் மூடியைத் திறக்க மறந்திருப்பார்கள். உறிஞ்சுகுழலின் மேல்வாயை விரலால் அடைத்தால் பானம் இறங்காமல் நிற்குமே, அதே கதைதான். டேங்க்கை இடம் போதவில்லையென்று கீழே இறக்கி வைத்தால் இங்க் பின்னுக்கு இழுக்கும், ஏதாவது பெட்டிமேல் ஏற்றி வைத்தால் ஹெட்டிலிருந்து சொட்டும். பிரிண்டர் நிற்கும் அதே தளத்தில்தான் டேங்க்கும் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் டேம்பர். ஹெட்டின் தலையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கும். உள்ளே மெல்லிய வடிகட்டி உண்டு. மாதக்கணக்கில் கிடந்த இங்க் அங்கேதான் படியும், காற்றுக்குமிழும் அங்கேதான் தங்கும். டேம்பரைக் கழற்றி, அதன் வாயில் சிரிஞ்சைப் பொருத்தி மெதுவாக இழுத்தால் இங்க் தடையில்லாமல் வர வேண்டும். சிரிஞ்சின் பின்முனை திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு போகிறதென்றால் அந்த டேம்பர் அடைபட்டிருக்கிறது. அதைக் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். ஹெட் விலையோடு பார்த்தால் டேம்பர் விலை ஒன்றுமே இல்லை. இன்னொரு நிறத்தின் டேம்பரை மாற்றிப் போட்டுச் சோதிக்க மட்டும் நினைக்காதீர்கள், இரண்டு இங்க்கும் கலந்துவிடும்.

இனி மூடும் பகுதி. என்னைக் கேட்டால் "ஹெட் போயிடுச்சு" என்று தீர்ப்பு வாங்கும் பிரிண்டர்களில் ஹெட் அதிகம் பழி சுமப்பது இந்த கேப்பிங் பகுதியின் கோளாறுக்காகத்தான். ஹெட் வேலை முடிந்ததும் வலது ஓரத்தில் போய் ஒரு ரப்பர் விளிம்புள்ள தொட்டியின்மேல் உட்காரும். அந்தத் தொட்டி ஹெட் உலராமல் மூடி வைக்கும், கிளீனிங்கின்போது அடியிலுள்ள பம்ப் அதன் வழியாகத்தான் இங்க்கை இழுக்கும். ரப்பர் விளிம்பில் ஒரு முடியோ காய்ந்த இங்க் பிசினோ இருந்தால் காற்று புகும். பிறகு கிளீனிங் பட்டனை நூறு முறை அழுத்தினாலும் பம்ப் இழுப்பது காற்றைத்தான்.

இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பிரிண்டர் ஆனில் இருக்கும்போது ஹெட் நடுவில் நிற்கிற நேரம் பார்த்து பிளக்கைப் பிடுங்குங்கள். ஹெட்டைக் கையால் இடப்பக்கம் தள்ளிவிட்டு, தொட்டி நிறையும் வரை சிரிஞ்சால் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். ஹெட்டைத் திரும்பத் தொட்டிமேல் கொண்டுவந்து, பிளக்கை மாட்டி ஒரே ஒரு கிளீனிங் ஓட்டுங்கள். முடிந்ததும் மறுபடி ஹெட்டை நகர்த்திப் பாருங்கள். தண்ணீர் போய், உள்ளிருக்கும் பஞ்சு ஈரமாக மட்டும் இருந்தால் பம்ப் நல்ல பம்ப். தண்ணீர் அப்படியே தளும்பி நின்றால் தொட்டியின் அடியில் உள்ள டியூப் கழன்றிருக்கிறது, அடைபட்டிருக்கிறது, அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது. ஹெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

கேப்பிங் கோளாறுக்கு இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. இரவு கிளீனிங் செய்து நாசில் செக் முழுசாக வந்தது, காலையில் பார்த்தால் பல நிறங்களில் ஒரே நேரத்தில் ஓட்டை என்றால் மூடி சரியாக மூடவில்லை. இரவு முழுக்க ஹெட்டுக்குள் காற்று ஏறியிருக்கிறது. இரண்டாவது, மஞ்சள் கோடுகள் தொடக்கத்தில் அழுக்குப் பச்சையாக வந்து, போகப் போகத் தெளிந்தால் தொட்டியில் தேங்கிய கலப்பு இங்க் நாசிலுக்குள் திரும்பி ஏறியிருக்கிறது. விளிம்பையும் பக்கத்திலிருக்கும் ரப்பர் வைப்பரையும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். காட்டன் பட்ஸ் வேண்டாம், அதன் இழையே அடுத்த அடைப்பாகும்.

இவ்வளவையும் கடந்து, கோடுகள் அதே இடத்தில் விடாமல் காணோமென்றால்தான் ஹெட்டைத் தொட வேண்டும். அப்போதும் அடைப்பா, கரண்ட் கோளாறா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. டிஷ்யூவை நான்காக மடித்து, லேசாக ஈரமாக்கி, ஹெட் போகும் பாதையில் வைத்து, பிளக்கைப் பிடுங்கிய நிலையில் ஹெட்டை அதன்மேல் கொண்டுவந்து சில விநாடி நிறுத்துங்கள். எடுத்துப் பார்த்தால் ஆறு நிறப் பட்டைகள் பதிந்திருக்கும். ஈரம் இங்க்கை நாசில் வாயிலிருந்து உறிஞ்சியிருக்கிறது. ஆறு பட்டையும் ஒரே அழுத்தமாக இருந்தால் எல்லா நிறமும் நாசில் வரை வந்து நிற்கிறது என்று பொருள். அப்படியிருந்தும் நாசில் செக்கில் ஒரு நிறம் அடியோடு இல்லையென்றால் அது கரண்ட் பக்கம். பட்டையே வெளிறியோ பாதியாகவோ பதிந்தால் அடைப்பு.

அடைப்பென்றால் பொறுமைதான் மருந்து. அதே மடித்த டிஷ்யூவை வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, ஹெட்டின்கீழ் விட்டு இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் எடுத்துவிட்டு ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக். எப்சன் கையேடுகளே சில முறை முயன்றபின் அணைத்துவிட்டு, மாடலைப் பொறுத்து 6 மணி நேரமோ 12 மணி நேரமோ காத்திருக்கச் சொல்கின்றன. அந்த நேரத்தில் காற்றுக்குமிழ்கள் கரைகின்றன, காய்ந்த இங்க் இளகுகிறது. யூடியூபில் காட்டுகிற மாதிரி சிரிஞ்சை ஹெட்டின் மேல்முனையில் மாட்டி பலமாக அழுத்துவது வேண்டாம். நாசில் துளை தலைமுடியைவிட மெல்லியது, பின்னாலுள்ள அறைகளின் சுவரும் அப்படியே. அழுத்தம் தாங்காமல் உள்ளே விரிசல் விட்டால் பக்கத்து நிறம் கலக்கும், அதன்பிறகு எந்த வைத்தியமும் கிடையாது. குழாய்த் தண்ணீர், அசிட்டோன், அல்ட்ராசோனிக் தொட்டி மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

கரண்ட் பக்கக் கோளாறின் முகம் வேறு. ஒரு நிறம் முழுசாகக் காணோம், அல்லது வெற்றிடம் இருக்க வேண்டிய இடத்திலும் ஒரு நிறம் பட்டையாக ஓடிக்கொண்டே இருக்கிறது, அல்லது எல்லா ஓசையும் சரியாக வந்து தாள் மட்டும் வெள்ளையாகவே வெளிவருகிறது. முதலில் ஹெட்டுக்குப் போகும் ரிப்பன் கேபிளின் முனையைப் பாருங்கள். இங்க் நிரப்பும்போதும் சிரிஞ்சால் கழுவும்போதும் ஒரு சொட்டு அங்கே இறங்கினால் போதும், ஷார்ட் ஆகிவிடும். அப்போது மெயின் போர்டில் ஹெட்டை ஓட்டும் டிரான்சிஸ்டர் ஜோடியோ ஃபியூஸோ அடிபடும். கடைக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். இங்கே ஒரு கவனம் முக்கியம்: போர்டைச் சோதிக்காமல் புது ஹெட்டை மாட்டினால் கெட்ட போர்டு புது ஹெட்டைச் சுட்டுவிடும். ஷார்ட்டான ஹெட்டை வைத்துக்கொண்டு போர்டை மட்டும் மாற்றினால் புது போர்டு போகும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். கேபிளைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் விடுவதும் இதற்காகத்தான்.

இதுவரை சொன்னது பீசோ ஹெட்டுக்கு, அதாவது எப்சன், பிரதர் வகைக்கு. மின்சாரம் பட்டால் வளையும் ஒரு படிகம் இங்க்கைத் தள்ளும் முறை அது. கேனானும் ஹெச்பியும் செய்வது வேறு: நாசில் அறையில் ஒரு நுண்ணிய ஹீட்டர் இங்க்கைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கொதிக்க வைத்து, அந்தக் குமிழியால் துளியைத் தள்ளும். 1977இல் கேனானின் இச்சிரோ எண்டோ, சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக இங்க் சிரிஞ்சின் ஊசியில் பட்டு இங்க் தெறித்ததைப் பார்த்துத்தான் அந்த யோசனைக்கு வந்தார் என்பார்கள். உங்களுக்குத் தேவையானது இது: அந்த வகையில் இங்க்தான் ஹீட்டரைக் குளிர்விக்கிறது. இங்க் தீர்ந்தபின்னும் அச்சிட்டுக்கொண்டே இருந்தால் ஹீட்டர் எரிந்துவிடும், எரிந்த நாசில் ஊற வைத்தாலும் வராது. பி200, 5200 மாதிரி எர்ரர் எண்கள் அங்கே ஹெட்டின் சூட்டையோ வோல்டேஜையோ சொல்பவை. ஆனால் கேனான் ஜி சீரிஸில் கறுப்புக்கும் வண்ணத்துக்கும் தனித்தனி ஹெட், இரண்டையும் நீங்களே கழற்றி மாட்டலாம் என்பதால் அங்கே இவ்வளவு துப்பறியத் தேவையில்லை. கான்டாக்ட்டைத் துடைத்துப் பார்த்துவிட்டு ஹெட்டை மாற்றிவிடலாம்.

உங்கள் பிரிண்டரில் கடைசியில் ஓரிரு நாசில் மட்டும் நிரந்தரமாகப் போயிருப்பது தெரிந்தால் உடனே ஹெட் வாங்கிவிடாதீர்கள். உயர்தர போட்டோ அமைப்பில் அடித்தால் ஹெட் ஒரே வரியின்மேல் பலமுறை போகும், வேறு நாசில்கள் அந்த இடத்தை நிரப்பிவிடும். 90இல் இரண்டு போனது படத்தில் தெரியவே தெரியாது. அடுத்தடுத்து பத்துப் பன்னிரண்டு போனால்தான் பட்டை விழும்.

ஆக, சர்வீஸுக்கு மறுபடி போவதானால் இந்தத் தாள்களையெல்லாம் எடுத்துப் போங்கள்: அடுத்தடுத்து அடித்த இரண்டு நாசில் செக், படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவை, டிஷ்யூவில் பதிந்த ஆறு பட்டை. எது எப்போது எடுத்ததென்று ஓரத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். பம்ப் இழுக்கிறதா, டேம்பர் பார்த்தீர்களா, போர்டில் ஹெட் டிரான்சிஸ்டர் அளந்தீர்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் தெளிவாக வந்து, அப்போதும் ஹெட் என்றால் சரி, மாற்றுங்கள். மாட்டப்போகும் ஹெட் சீல் பிரிக்காததா, வேறு பிரிண்டரிலிருந்து கழற்றிக் கழுவியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சந்தையில் இரண்டும் ஓடுகிறது. எப்சன் ஹெட்டின்மேல் ஒரு ஐடி எண் ஒட்டியிருக்கும். மாட்டியபின் அதை அட்ஜஸ்ட்மென்ட் புரோகிராம் என்ற சர்வீஸ் மென்பொருளில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் கொடுத்துவிட்டால் நாசில் செக் முழுசாக வரும், நிறங்களின் அழுத்தம் மட்டும் ஏறுக்குமாறாக இருக்கும், முகங்கள் மறுபடி ஏதோ ஒரு பக்கம் சாயும். ஐடியை ஏற்றி, அலைன்மென்ட் செய்து, ஒரு போட்டோவை உங்கள் கண்முன் அடித்துக் காட்டியபின் பணம் கொடுங்கள்.